கேளுங்கள், சொல்கிறோம்: சுடுநீரில் கழன்று வரும் தார்

சென்ற இதழில் மழைக்கால மும்பைச் சாலைகளின் பள்ளங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து தாரைப் பற்றியே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

அண்ணன் மகன் கனடாவில் ஃபோர்ட் மெக்மரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "மணலைச் சுடுதண்ணியில கழுவித் தார் எடுக்கிறோம் அத்தை" என்கிறான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்றுதானே படித்தோம்? தண்ணீர் எப்படித் தாரைக் கரைக்கும்?
*வாசகி, செம்பூர்*

கரைப்பதில்லை அம்மா. ஒட்டாது என்று நீங்கள் படித்ததுதான் அங்கே வேலை செய்கிறது.

ஃபோர்ட் மெக்மரியைச் சுற்றியுள்ள ஆத்தபாஸ்கா பகுதியின் தார் மணலை 100 கிலோ எடுத்தால், மணலும் களிமண்ணும் சேர்ந்து 84 கிலோ இருக்கும். தார் 10 முதல் 12 கிலோ. மிச்சமெல்லாம் தண்ணீர். இந்தத் தண்ணீர் இருக்கும் இடம்தான் முக்கியம். ஒவ்வொரு மணற்பருக்கையையும் சுற்றிச் சுமார் 10 நானோமீட்டர் தடிமனில், அதாவது தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்காக, ஒரு நீர்ப்படலம் போர்த்தியிருக்கிறது. தார் அந்தப் படலத்துக்கு வெளியே நிற்கிறது, மணலைத் தொடவே இல்லை. தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன் முடி நனைந்திருந்தால் எண்ணெய் சரியாகப் பிடிக்காது அல்லவா, அதே கதைதான். கனடா மணலில் இயற்கையே முதலில் நனைத்துவிட்டுப் பிறகு தாரைப் பூசியிருக்கிறது.

அதனால் சுடுதண்ணீருக்கு வேலை பாதி முடிந்தே கிடைக்கிறது. குளிரில் அந்தத் தார் இறுகிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். சூடு ஏறியதும் இளகும். இளகிய தார், பருக்கையைச் சுற்றிப் பரவிக் கிடக்காமல் சுருண்டு உருண்டையாகி, மணலை விட்டுக் கழன்றுவிடும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இது தெரியும். கறுப்பாக இருந்த பருக்கையில் முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி திறக்கும், அது அகன்றுகொண்டே போகும், கடைசியில் ஓர் ஓரத்தில் மட்டும் கறுப்பு மணி ஒன்று தொங்கும், பிறகு அதுவும் போய்விடும். கண்ணாடி போன்ற மணல் மட்டும் மிஞ்சும்.

கழன்ற தார் தானாக மேலே வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். வராது. தாரின் அடர்த்தியும் தண்ணீரின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றுதான். சும்மா விட்டால் தார்த்துளி நடுத்தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை மேலே தூக்குவது காற்று. கலவைக்குள் காற்றுக்குமிழி புகுந்தால் தார் அதில் ஒட்டிக்கொள்ளும். சூடு நன்றாக இருந்தால் குமிழியைச் சுற்றிலும் பரவி மூடியே விடும். அந்தக் கறுப்புக் குமிழிகள் மேலே வந்து நுரையாகச் சேரும். உங்கள் அண்ணன் மகன் தினமும் பார்ப்பது அந்த நுரையைத்தான். அதில் தார் சுமார் 60 சதவீதம், தண்ணீர் 30, மண் 10.

இந்த முறையைச் செப்பனிட்டவர் கார்ல் கிளார்க் என்ற வேதியியலர். எட்மன்டனில் 1920களில் இதில் உழைத்து 1929-ல் காப்புரிமை பெற்றார். பெரிய அளவில் ஆலை ஓடத் தொடங்கியது 1967-ல்தான். கிளார்க் காலத்து முறையில் தண்ணீர் 80 டிகிரி வரை சுட வேண்டும். இப்போது ஆலைகள் 50 டிகிரிக்கும் கீழே இறங்க முயல்கின்றன. காரணம் எரிவாயுச் செலவு. 5 டிகிரியில் வரும் ஆற்றுத் தண்ணீர் ஒரு டன்னை 80-க்குக் கொண்டுபோக 313 மெகாஜூல் வேண்டும், 50-க்கு 188 போதும். ஒவ்வொரு டன் தண்ணீருக்கும் மூன்று கன மீட்டருக்கு மேல் எரிவாயு மிச்சமாகிறது.

ஆலையில் நடக்கும் வரிசை இது. மண்வாரி அள்ளிய மணலை நொறுக்கி, சுடுதண்ணீரில் குழைத்து, பெரிய குழாயில் பல கிலோமீட்டர் தள்ளுகிறார்கள். முன்பெல்லாம் இதற்குச் சுழலும் ராட்சத உருளை இருந்தது. இப்போது குழாய்ப் பயணத்திலேயே கட்டிகள் உடைந்து, தார் கழன்று, காற்றும் ஏறிவிடுகிறது. ஓட்ட வேகம் குறைந்தால் மணல் அடியில் படிந்து குழாய் அடைத்துவிடும் என்பதால் அதை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து அடிப்பாகம் கூம்பாக இருக்கும் பெரிய பிரிப்புத் தொட்டி. மேலே நுரை, கீழே மணல், நடுவில் டிகாஷன் நிறத்தில் ஒரு கலங்கல். அந்தக் கலங்கலிலும் நுண்ணிய தார்த்துளிகள் இருப்பதால் வேறு தொட்டியில் மறுபடி காற்றடித்து எடுக்கிறார்கள்.

கணக்கு வேண்டுமென்றால், 11 சதவீதத் தார் உள்ள ஒரு டன் மணலில் 110 கிலோ தார் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு மீட்டால் 99 கிலோ. அது 165 கிலோ நுரையாக மேலே வரும். ஒரு பீப்பாய் தாருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் மணலைக் கழுவ வேண்டும்.

நுரையோடு வேலை முடிவதில்லை. நீராவி விட்டுக் காற்றை வெளியேற்றி, நாப்தா என்னும் பெட்ரோலியக் கரைப்பானைக் கலந்து இளக்கி, சாய்தகட்டுத் தொட்டியிலும் சுழல்விசை எந்திரத்திலும் தண்ணீரையும் மண்ணையும் பிரிக்கிறார்கள். நாப்தா வழியில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதில் இருக்கும் உப்பு, அடுத்த கட்ட எந்திரங்களை அரிக்கும். நாப்தாவுக்குப் பதில் பென்டேன், ஹெக்ஸேன் போன்ற லேசான திரவங்களைச் சேர்த்தால் தாரின் கனமான பகுதியில் கொஞ்சம் வீழ்படிவாகும், தண்ணீரையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். தார் சுத்தமாகக் கிடைக்கும், அளவு குறையும்.

ஆய்வகத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த தார் மணல் மாதிரியைச் சுடுநீரில் பிரித்துப் பார்த்தோம். 40 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. நுரை பளபளப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் வந்தது. காஸ்டிக் சோடாவைக் கூட்டினோம், இன்னும் மோசமானது. எங்கே தவறு?
*வேதிப்பொறியியல் ஆய்வு மாணவர், பவாய்*

சாம்பல் நுரை என்று எழுதியது நல்லது. பாதி பதில் அதிலேயே இருக்கிறது. நுரை மங்குகிறது என்றால் தாரின் மேல் களிமண் பூசிக்கொண்டிருக்கிறது. களிமண் பூசிய தாரில் குமிழி ஒட்டாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். பிரிப்புக்கு டேங்கர் தண்ணீர் எடுத்தீர்களா? ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் அதிகம் இருக்கும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவு கால்சியமும், மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண் மணலில் ஒரு சதவீதமும் சேர்ந்தாலே மீட்பு சரிந்துவிடும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் இவ்வளவு கெடுதல் இல்லை. தாரின் பரப்புக்கும் களிமண்ணுக்கும் நடுவில் கால்சியம் பாலம் போட்டுவிடுகிறது, அதனால்தான் இரண்டும் சேரும்போது ஆபத்து. ஒரு முறை காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள். நுரை கறுத்துப் பளபளத்தால் தண்ணீர்தான் குற்றவாளி.

அடுத்து மாதிரியின் வயது. மணல் எப்படி வந்தது, எவ்வளவு நாள் திறந்து கிடந்தது? காற்றில் காய்ந்தால் மேலே சொன்ன நீர்ப்படலம் போய்விடும், தார் மணலைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும். தாரின் பரப்பும் ஆக்சிஜனேற்றம் அடையும். பிறகு தண்ணீர் தெளித்தாலும் பழைய நிலை திரும்பாது. மாதிரியைக் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் வைத்து, தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். மேசைமேல் இரண்டு வாரம் கிடந்த மணலை வைத்து யாரும் முடிவு எழுதக் கூடாது.

மணல் எந்த ஊருடையது என்றும் எழுதவில்லை. அமெரிக்காவின் யூட்டா மணலாக இருந்தால் கனடா செய்முறையை அப்படியே போட்டது தவறு. அங்கே பருக்கைக்கும் தாருக்கும் நடுவே நீர்ப்படலம் கிடையாது, தாரும் கெட்டி. 90 டிகிரிக்கு மேல் சூடு, சோடியம் கார்பனேட் தாராளமாக, பலமான கலக்கல், மூன்றும் வேண்டும்.

காஸ்டிக் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். காஸ்டிக் நேரடியாகத் தாரைக் கழற்றுவதில்லை. தாருக்குள்ளேயே இருக்கும் நாப்தெனிக் அமிலங்களைச் சோப்பாக மாற்றுகிறது, அந்தச் சோப்புதான் உதவுகிறது. அளவு மணலின் எடையில் 0.03 சதவீதம் போல, டன்னுக்கு 300 கிராம். கலவையின் பிஎச் 8 முதல் 8.5 வரை நின்றால் போதும். இதற்கு மேல் கூட்டினால் தார் பால் மாதிரி உடைந்து நுண்துளியாகிவிடும், களிமண்ணும் கலைந்து தண்ணீர் முழுக்க மிதக்கும். மீட்பு ஏறி, உச்சி தொட்டு, இறங்கும். நீங்கள் உச்சியைத் தாண்டிய பக்கம் நிற்கிறீர்கள். தார் அதிகமாகவும் நுண்மண் குறைவாகவும் உள்ள மணலுக்குக் காஸ்டிக் தேவையே படாமல் போகலாம். 44 மைக்ரானுக்குக் குறைவான மண் எத்தனை சதவீதம் என்று முதலில் சலித்து அறியுங்கள்.

செய்முறையை இப்படி அமைத்துப் பாருங்கள். சுற்றிலும் சுடுநீர் ஓடும் உறையுள்ள கலத்தை 82 டிகிரியில் நிறுத்தி, 500 கிராம் மணலும் 150 மில்லி சுடுநீரும் போட்டு, தேவையானால் காஸ்டிக் சேர்த்து, நிமிடத்துக்கு 600 சுற்றில் 10 நிமிடம் கலக்குங்கள். அப்போதே காற்றும் மெதுவாக உள்ளே போக வேண்டும். குழம்பு கெட்டியாக இருக்கும், இருக்கட்டும். பருக்கையும் பருக்கையும் உரசுவதில்தான் தார் கழல்கிறது. நிறையப் பேர் முதலிலேயே முழுத் தண்ணீரையும் ஊற்றிவிடுகிறார்கள், அதில் உரசலே நடக்காது. பிறகு காற்றை நிறுத்தி, அதே சூட்டில் 900 மில்லி தண்ணீர் ஊற்றி, இன்னும் 10 நிமிடம் கலக்கி, மேலே வந்த நுரையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். இது முதல் நுரை. மறுபடி காற்றுவிட்டு 5 நிமிடம் ஓட்டினால் இரண்டாம் நுரை. இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். முதல் நுரையிலேயே பெரும்பங்கு வந்தால் மணல் நல்ல மணல். இரண்டாவதில்தான் வருகிறது என்றால் தார்த்துளிகள் மிகச் சிறிதாகிவிட்டன என்று பொருள்.

நுரையில் எவ்வளவு தார் என்று அறிய டீன்-ஸ்டார்க் கருவிதான் சரி. குப்பியில் டொலுவின், மேலே காகித உறையில் நுரை. கொதிக்கும் டொலுவின் ஆவி தாரைக் கழுவிக் கீழே இறக்கும், தண்ணீர் பக்கக் குழாயில் தனியே சேரும், மண் உறையில் தங்கும். உறையிலிருந்து சொட்டும் டொலுவின் நிறமற்று வரும்வரை நிறுத்தாதீர்கள். லேசான பழுப்பு இருக்கும்போதே நிறுத்துவது வழக்கமான தவறு. புகைக்கூண்டுக்குள், திறந்த தீ இல்லாமல் செய்யுங்கள். தார், நீர், மண் மூன்றின் கூட்டல் நுரையின் எடைக்கு ஒத்துவராவிட்டால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் கடற்கரை மணலைக் காயவைத்து, சாலை போடும் தாரோடு கலந்து, சுடுநீரில் போட்டார்கள். தார் கழலவே இல்லை. பிள்ளைகளுக்கு வருத்தம். எப்படிச் சரிசெய்வது?
*பள்ளி ஆசிரியை, தாராவி*

சோதனை தோற்கவில்லை டீச்சர், சரியான விடையைத்தான் தந்திருக்கிறது. காய்ந்த மணலில் சூடான தார் பட்டதும் நேராகப் பருக்கையைப் பிடித்துக்கொண்டது. நடுவில் நீர்ப்படலம் இல்லை. சாலைக்குப் போடும் வி.ஜி.30 என்ற வகைத் தார், கனடா மணலின் தாரைவிட மிகக் கெட்டியும்கூட. சாலை போடுகிறவர் தாரிடம் எதிர்பார்ப்பதே தண்ணீருக்குக் கழலக் கூடாது என்பதைத்தான்.

மணலை நனைத்துவிட்டுக் கலக்கலாமா என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். 150 டிகிரித் தாரில் ஈர மணல் விழுந்தால் தண்ணீர் சட்டென்று ஆவியாகித் தாரைத் தெறிக்கவைக்கும். தோலில் பட்ட தார் ஒட்டிக்கொண்டு சுடும்.

அதற்குப் பதில் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எந்தக் கல்லிலிருந்து தார் சீக்கிரம் கழலும்? இதற்கு ஐ.எஸ். 6241 என்ற இந்தியத் தரச் சோதனையே இருக்கிறது. 20 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து 12.5-ல் தங்கும் ஜல்லி 200 கிராம், அதன் எடையில் 5 சதவீதம், அதாவது 10 கிராம் தார். சூடாக்கிப் பூசுவதை மட்டும் பாலிடெக்னிக் சிவில் ஆய்வகம் ஒன்றில் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆறிய ஜல்லியைப் பீக்கரில் போட்டு, மூழ்கக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, 40 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பது பிள்ளைகள் வேலை. பிறகு எவ்வளவு பரப்பில் தார் விலகியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். சாலைக்குத் தேர்வாக, 95 சதவீதப் பரப்பில் பூச்சு நிற்க வேண்டும்.

ஒரு பீக்கரில் நம் ஊர் கறுங்கல்லான பசால்ட், இன்னொன்றில் வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல். குவார்ட்ஸ் தண்ணீரை விரும்பும் கல், தாரை எளிதில் விட்டுவிடும். மூன்றாவது பீக்கரில் குவார்ட்ஸோடு தண்ணீரில் கொஞ்சம் வாஷிங் சோடா. அங்கே வேகம் கூடுவதைக் காட்டலாம், கனடா ஆலையில் காஸ்டிக் என்ற காரம் செய்யும் வேலையும் அதுதான். மழையில் சாலை பெயர்வதற்கும் தார் மணல் ஆலைக்கும் ஒரே விதி என்று பிள்ளைகள் மூன்று பீக்கரை வைத்தே விளக்கிவிடலாம். தேங்கிய நீரும் அதை ஜல்லிக்குள் அழுத்தித் தள்ளும் சக்கரங்களும் சேர்ந்து, ஆலையில் நிமிடங்களில் முடிவதைச் சாலையில் சில வாரங்களில் முடிக்கின்றன.

ஜூஹூ கடற்கரையில் மழைக்காலத்தில் கறுப்பு உருண்டைகள் ஒதுங்குகின்றன. இதுவும் தார் மணலா? காலில் ஒட்டினால் போகவே மாட்டேன் என்கிறது.
*வாசகர், அந்தேரி*

இல்லை. கடலில் கசிந்த கச்சா எண்ணெய், லேசான பகுதிகள் ஆவியாகிப்போய், அலையில் உருண்டு, மணல் ஒட்டிக் கெட்டியானது. காலில் பட்டால் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம்.

நம் சாலைக்கு வரும் தாரும் இப்படி மணலிலிருந்து எடுத்ததா? இந்தியாவில் தார் மணல் சுரங்கம் உண்டா?
*வாசகர், முலுண்ட்*

இல்லை. மும்பையிலேயே மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளில் தார் கிடைக்கிறது. கச்சா எண்ணெயை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்த பிறகு அடியில் மிஞ்சுவதுதான் அது. தார் என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது பிட்டுமன். நிலக்கரியிலிருந்து வருவதுதான் அசல் தார், அது வேறு பொருள். தார் மணலை வெட்டிச் சுடுநீரில் கழுவும் சுரங்கம் இந்தியாவில் இல்லை. குஜராத்தின் மெஹ்சானா பகுதியில், பலோல், சந்தால் வயல்களில், கெட்டி எண்ணெய் உண்டு. அங்கே பூமிக்குள் காற்றைச் செலுத்தி எண்ணெயில் ஒரு பகுதியை எரித்து, அந்தச் சூட்டில் மிச்சத்தை இளக்கி எடுக்கிறார்கள்.

இவ்வளவு தண்ணீரும் பிறகு எங்கே போகிறது?
*வாசகி, மாட்டுங்கா*

இந்தத் தொழிலின் தீராத கடன் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பெரும்பகுதியை, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் ஒரு பீப்பாய் தாருக்கு 2 முதல் 4 பீப்பாய் வரை புதுத் தண்ணீர் ஆத்தபாஸ்கா ஆற்றிலிருந்து போகிறது. சுற்றிச் சுற்றி வரும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும், பவாய் மாணவருக்குச் சொன்ன கால்சியம் தொல்லை ஆலைக்கும் உண்டு.

கழிவுக்குளத்தில் மணல் உடனே படிந்துவிடும். களிமண்தான் படியாது. அரிசி கழுவிய தண்ணீரை அசையாமல் வைத்தால் சிறிது நேரத்தில் தெளியும். இங்கே அப்படி நடப்பதில்லை. காரத்தில் கலைந்த களிமண் சில ஆண்டுகளில் 30 சதவீதத் திடம் உள்ள தயிர் போல ஆகி, அங்கேயே நின்றுவிடும். பல பத்தாண்டு ஆனாலும் ஆள் நடக்கும் அளவுக்கு இறுகாது. காஸ்டிக்கை அளவோடு போட வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம். ஆலையில் சில சதவீத மீட்பைக் கூட்டப் போட்ட காரம், குளத்தில் ஒரு தலைமுறைக்கு வேலை வைக்கிறது. ஜிப்சம் சேர்த்து மணலோடு களிமண்ணைக் கட்டுவது, பாலிமர் போட்டுத் திரட்டிச் சுழல்விசையில் நீரைப் பிழிவது என்று வழிகள் வந்துள்ளன. எல்லாம் செலவு பிடிக்கும். தாரிலிருந்து வந்த நாப்தெனிக் அமிலங்கள் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன, அவை மீன்களுக்கு நஞ்சு.

மேலே மிதக்கும் தார்ப்படலமும் உண்டு. 2008 ஏப்ரலில் ஒரு கழிவுக்குளத்தில் இறங்கிய வாத்துகளில் 1,600-க்கும் மேல் செத்தன. சுற்றிலும் பனி உறைந்திருக்க, திறந்திருந்த நீர் அது ஒன்றுதான் என்பதால் அவை அங்கே இறங்கின. 1967-ல் தொடங்கிய முதல் குளத்தை மூடி, மண் பரப்பி, நடக்கும்படியான நிலமாக ஆக்கியது 2010-ல். ஆனால் அதிலிருந்த படியாத களிமண் வேறொரு குளத்துக்கு மாற்றப்பட்டது.